செம்பை ஒட்டினால் தடை ஏறுமா?

இரண்டு கம்பிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் கிடைக்கும் மொத்த மின்தடை, இரண்டில் எது குறைவோ அதையும்விடக் குறைவாகவே இருக்கும். பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே வந்துவிடும் கணக்கு இது. புதிதாக ஒரு பாதை திறந்தால் மின்னோட்டத்துக்கு வழி எளிதாகத்தானே ஆகும்? ஆனால் திரவ ஹீலியத்தின் குளிரில், வலுவான காந்தப்புலத்துக்குள் வைத்த தூய அலுமினியப் பட்டை ஒன்றின் மேல் நல்ல செம்புப் பட்டையை ஒட்டிப் பாருங்கள். தடை குறைய வேண்டிய இடத்தில் ஏறுகிறது. செம்பை ஒட்டாமலே விட்டிருக்கலாமே என்று நினைக்க வைக்கும் அளவுக்கு ஏறுகிறது.

அளவெடுத்தவரின் கைப்பிசகு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பெரிய மீக்கடத்திக் காந்தங்களைக் கட்டுகிறவர்கள் கடத்தியை வடிவமைக்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளும் விளைவு இது. ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கான விடை அழகானது. அங்கே போக, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

மீக்கடத்திக்குத்தான் மின்தடையே இல்லையே, அதன் கூடச் செம்பும் அலுமினியமும் எதற்கு? நியாயமான கேள்வி. ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911-இல் அதே குளிரில் பாதரசத்தின் மின்தடை மறைந்துபோவதைக் கண்டார். ஆனால் அந்த நிலை ஒரு சலுகை போன்றது. வெப்பநிலை, காந்தப்புலம், மின்னோட்டம் என்ற மூன்றில் ஒன்று எல்லை தாண்டினாலும் பறிபோய்விடும். இன்று காந்தங்களில் அதிகம் புழங்கும் நியோபியம்-டைட்டானியம் உலோகக் கலவை, மீக்கடத்தும் நிலையை இழந்துவிட்டால் கிட்டத்தட்ட எவர்சில்வர் அளவுக்கு மோசமான கடத்தி. அதன் மின்தடை எண் ஏறத்தாழ 600 நானோ ஓம் மீட்டர். பல ஆயிரம் ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பி திடீரென்று எவர்சில்வராக மாறினால் என்ன ஆகும்? அந்த இடம் உருகிவிடும்.

அதனால்தான் மீக்கடத்தியைத் தனியாக விடுவதில்லை. ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுற்றுள்ள துகள் முடுக்கியில், புரோட்டான்களை வளைத்துச் செலுத்தும் இருமுனைக் காந்தங்கள் 1232 இருக்கின்றன. அவற்றின் உள்ளடுக்குக் கேபிளில் 28 கம்பிகள். ஒவ்வொன்றும் 1.065 மில்லிமீட்டர் தடிமன்தான். ஒன்றை நறுக்கி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் செம்பின் நடுவே சுமார் 8,900 புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நியோபியம்-டைட்டானிய இழை. குறுக்குவெட்டில் மீக்கடத்தி ஒரு பங்கு என்றால் செம்பு 1.65 பங்கு. வேலை செய்வது இழைகள். ஆபத்துக்கு நிற்பது செம்பு. இழைகள் எங்காவது மீக்கடத்தும் நிலையை இழந்தால் மின்னோட்டம் அந்த நொடியே பக்கத்திலிருக்கும் செம்புக்குத் தாவி, தடைபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். காந்தக்காரர்கள் இந்த இழப்பைக் குவெஞ்ச் என்பார்கள். ஆபத்துக்கு நிற்கும் உலோகத்துக்கு நிலைப்படுத்தி என்று பெயர். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் சுற்றியிருப்பதும் இதே இனத்துக் கம்பிதான்.

ஆகவே நிலைப்படுத்தியின் மின்தடை என்ன என்பதுதான் காந்தம் பிழைக்குமா பிழைக்காதா என்பதை முடிவு செய்யும் எண். அந்த எண்ணைத் தேடிப் போகும்போதுதான் ஆச்சரியங்கள் ஆரம்பிக்கின்றன.

அறை வெப்பநிலையில் செம்பின் மின்தடை எண் 17 நானோ ஓம் மீட்டர். திரவ ஹீலியத்தின் வெப்பநிலையான 4 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அணுக்களின் அதிர்வு அடங்கி, எலக்ட்ரானுக்கு இடைஞ்சலாக மிஞ்சுவது உலோகத்தில் கலந்திருக்கும் மாசும் படிகக் குறைகளும் மட்டுமே. அறை வெப்பநிலைத் தடையை இந்த மிச்சத் தடையால் வகுத்து வரும் எண்ணைத்தான் ஆர்.ஆர்.ஆர். என்று துறையில் எல்லோரும் சொல்கிறார்கள். தூய்மைக்கு அதுவே அளவுகோல். நல்ல காந்தச் செம்பு 100-இலிருந்து 200 வரை போகும். ஆர்.ஆர்.ஆர். 100 என்றால் மின்தடை எண் சுமார் 0.16 நானோ ஓம் மீட்டர்.

இந்த 0.16 காந்தப்புலம் இல்லாதபோது. நிலைப்படுத்திக்கு வேலை வருவதோ காந்தத்துக்குள்.

காந்தப்புலத்தில் உலோகத்தின் தடை மாறுவதை 1856-இலேயே இரும்பில் கண்டவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர்; நாம் குளிரை அளக்கும் அலகு அவர் பெயரில்தான் இருக்கிறது. காரணத்தைப் புரிந்துகொள்ள இரண்டு தூரங்களை ஒப்பிட்டால் போதும். அறை வெப்பநிலைச் செம்பில் ஓர் எலக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே ஏறத்தாழ 0.04 மைக்ரோமீட்டர் போகிறது. ஆர்.ஆர்.ஆர். 100 உள்ள செம்பை 4 கெல்வினுக்குக் கொண்டுபோனால் அது 100 மடங்காகி 4 மைக்ரோமீட்டர். இனி மற்றொரு தூரம்: காந்தப்புலத்தில் எலக்ட்ரான் நேராகப் போகாமல் வளைந்து வட்டமடிக்கப் பார்க்கும். அந்த வட்டத்தின் ஆரம் 1 டெஸ்லா புலத்தில் சுமார் 9 மைக்ரோமீட்டர், 8 டெஸ்லாவில் 1 மைக்ரோமீட்டரைச் சற்றே தாண்டும். அறை வெப்பநிலையில் எலக்ட்ரான் வளைவதற்குள் எதிலாவது மோதிவிடுகிறது. புலம் இருப்பதே அதற்குத் தெரியாது. குளிரில் அரை வட்டத்துக்கு மேல் வளைந்துவிடுகிறது. முன்னேற வேண்டிய எலக்ட்ரான் திரும்பிக்கொண்டே இருந்தால் அது தடையாகத்தானே வெளிப்படும்.

செம்பில் இந்தக் கூடுதல் தடை, புலத்துக்கு நேர் விகிதத்தில் ஏறிக்கொண்டே போகிறது. 1920-களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் பியோத்தர் கபீட்சா நொடிக்கும் மிகக் குறைந்த நேரமே நிற்கும் 30 டெஸ்லா துடிப்புகளை உண்டாக்கிப் பல உலோகங்களில் இந்த நேர்கோட்டைக் காட்டினார். வடிவமைப்பாளர்கள் இன்று பயன்படுத்தும் கைக்கணக்கு, ஒவ்வொரு டெஸ்லாவுக்கும் சுமார் 0.045 நானோ ஓம் மீட்டரைக் கூட்டிக்கொள்வது. முடுக்கிக் காந்தங்களின் 8.3 டெஸ்லாவில் 0.38 கூடுகிறது. 0.16 இருந்தது 0.54 ஆகிவிட்டது.

இன்னும் தூய செம்பை வாங்கினால்? ஆர்.ஆர்.ஆர். 200 என்று வையுங்கள். மிச்சத் தடை பாதியாகி 0.08. ஆனால் புலத்தால் வரும் 0.38 அப்படியே நிற்கிறது. மொத்தம் 0.46. தூய்மையை இரட்டித்தும் லாபம் 15 சதவீதம்தான். மாக்ஸ் கோலர் 1938-இல் சொன்ன விதியின் சாரம் இது: உலோகம் எவ்வளவு தூயதோ, அவ்வளவுக்கு அதன் தடை காந்தப்புலத்தால் அதிக மடங்காகும். எலக்ட்ரான் தங்குதடையின்றி ஓடினால் வட்டமும் தங்குதடையின்றி அடிக்கும்.

இந்தப் பின்னங்கள் அற்பமாகத் தெரியலாம். 28 கம்பிகளிலும் சேர்த்து இருக்கும் செம்பின் பரப்பு சுமார் 15.5 சதுர மில்லிமீட்டர். முழு வேகத்தில் ஓடும் 11,850 ஆம்பியர் முழுவதும் அதில் பாய்ந்தால், காந்தப்புலத்தை மறந்துவிட்டுப் போட்ட கணக்கில் ஒரு மீட்டர் கேபிளில் எழும் வெப்பம் ஏறத்தாழ 1.4 கிலோவாட். புலத்தையும் சேர்த்தால் 4.9 கிலோவாட். வீட்டுக் குளியலறை கீசர் 2 கிலோவாட். விரல் தடிமன்கூட இல்லாத கேபிளின் ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டரை கீசர் ஓடுவதற்குச் சமம். அதனால்தான் குவெஞ்ச் தொடங்கியதைக் கண்டுபிடித்து மின்னோட்டத்தை இறக்கிவிட வேண்டிய அவகாசத்தை மில்லி நொடிகளில் எண்ணுகிறார்கள்.

அலுமினியம் வேறு குணம். அறை வெப்பநிலையில் அது செம்பைவிட மட்டம், 27 நானோ ஓம் மீட்டர். ஆனால் அதை மிகத் தூயதாகச் செய்ய முடிகிறது; ஆர்.ஆர்.ஆர். 1000-ஐத் தாண்டுவது சாதாரணம். அப்போது மிச்சத் தடை வெறும் 0.027. காந்தப்புலத்தில் அதுவும் ஏறும், ஆனால் மூன்று மடங்கை ஒட்டி நின்றுவிடும். அதற்கு மேல் புலத்தைக் கூட்டினாலும் பெரிதாக அசையாது. இந்த வேறுபாட்டுக்கு வேர் ஃபெர்மி பரப்பின், அதாவது ஓடும் எலக்ட்ரான்களுக்கு எந்தத் திசையில் எவ்வளவு உந்தம் என்பதை வரைந்தால் கிடைக்கும் பரப்பின், வடிவத்தில் இருக்கிறது. செம்பின் ஃபெர்மி பரப்பு, கழுத்துகள் வழியே அடுத்தடுத்த மண்டலங்களோடு, அதாவது அந்த வரைபடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களோடு, தொட்டுக்கொண்டு நிற்பது. அதனால் சில திசைகளில் எலக்ட்ரான் சுற்றி வந்து சேராமல் திறந்த பாதையில் போய்க்கொண்டே இருக்கும். பல படிகங்கள் கலந்த கம்பியில் அதுதான் நில்லாமல் ஏறும் தடையாகத் தெரிகிறது. அலுமினியத்தில் பாதைகள் மூடியவை.

4 டெஸ்லாவில் இரண்டையும் ஒப்பிட்டால் செம்பு 0.34, அலுமினியம் 0.08. எடையும் குறைவு. துகள்கள் அதிகம் மோதாமல் ஊடுருவிச் செல்ல வேண்டிய உணர்கருவிக் காந்தங்களுக்கு அலுமினியமே கண்கண்ட பொருள். ஆனால் தூய அலுமினியம் மெழுகு மாதிரி மென்மையானது. பெரிய காந்தத்தின் விசையைத் தாங்காது. மீக்கடத்தி இழைகளோ ஏற்கெனவே செம்பில் பதிந்தவை. ஆக, அலுமினியத்தைப் பயன்படுத்துகிற கடத்தி எப்படியும் இரண்டு மூன்று உலோகங்களின் கூட்டாகவே இருந்தாக வேண்டும். அங்கேதான் தொடக்கத்தில் சொன்ன விபரீதம் காத்திருக்கிறது.

1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர், மெல்லிய தங்கத்தாளில் மின்னோட்டத்தைச் செலுத்திக் காந்தப்புலத்தில் வைத்தார். மின்னோட்டத்துக்குக் குறுக்கே, தாளின் இரு ஓரங்களுக்கு இடையே சிறு மின்னழுத்தம் தோன்றியது. ஓடும் மின்னூட்டங்களைப் புலம் ஒரு பக்கமாக ஒதுக்குவதால் வருவது அது. செம்பில் இந்த ஹால் மின்னழுத்தத்தின் குறி, எதிர்மின்னூட்டம் ஓடுவதைக் காட்டும். அலுமினியம், குளிரும் வலுவான புலமும் சேரும்போது தலைகீழாக நடந்துகொள்கிறது. அணு ஒன்றுக்கு ஒரு நேர்மின் துளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம், நேர்மின்னூட்டம்போல நடப்பது) வீதம் ஓடுவதுபோல, செம்புக்கு எதிர்க்குறியில், ஏறத்தாழ இருமடங்கு அளவில் ஹால் மின்னழுத்தம் தருகிறது.

ஒரு மேசையைக் கற்பனை செய்யுங்கள். அலுமினியப் பட்டை கிழக்கு மேற்காக மேசைமேல் கிடக்கிறது. அதன் மேல் அதே அளவு செம்புப் பட்டை, முழு நீளமும் ஒட்டியபடி. காந்தப்புலம் மேசையிலிருந்து செங்குத்தாக மேல்நோக்கி. மின்னோட்டம் இரண்டிலும் கிழக்கு நோக்கி. அலுமினியத்தில் தெற்கு ஓரம் நேர்மின் பக்கமாகிறது என்றால் செம்பில் வடக்கு ஓரம் நேர்மின் பக்கமாகும். ஒன்றின்மேல் ஒன்றாக, முனை மாற்றி வைத்த இரண்டு பேட்டரிகள். இரு ஓரங்களிலும் அவை தொட்டுக்கொண்டும் இருக்கின்றன. சுற்று மூடிவிட்டது. ஒரு பட்டையில் வடக்கே போய், ஓரத்தில் ஏறி, மற்றதில் தெற்கே வந்து, மறுபடி இறங்கும் சுழல் மின்னோட்டம் ஒன்று கடத்தியின் குறுக்கே, அதன் நீளம் முழுக்க ஓடத் தொடங்குகிறது.

இந்தச் சுழல் சும்மா வெப்பத்தை மட்டும் உண்டாக்கிவிட்டுப் போவதில்லை. வடக்கே போகிற மின்னோட்டத்தையும் அதே காந்தப்புலம் ஒதுக்குகிறது. அதனால் எழும் மின்னழுத்தம் கிழக்கு மேற்கு வாக்கில் விழுகிறது, நாம் செலுத்தும் மின்னோட்டத்தை எதிர்க்கும் திசையில். வெளியிலிருந்து அளக்கிறவருக்கு அது தடையாகவே தெரியும்.

எவ்வளவு என்று பார்க்கலாம். அகலமான, மெல்லிய இரு பட்டைகள், சம தடிமன், இடையே தடையே இல்லாத ஒட்டு, 4 டெஸ்லா. பத்தாம் வகுப்புப் பக்க இணைப்பு சொல்வது 0.13 நானோ ஓம் மீட்டர். செம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெற்றிடமாக விட்டால், அலுமினியம் மட்டும் தருவது 0.16. ஹால் விளைவைச் சேர்த்துப் போட்டால் வருவது ஏறத்தாழ 0.66. மொத்தத்தையும் செம்பாலேயே செய்திருந்தால்கூட 0.34 தான் வந்திருக்கும். இரண்டு நல்ல கடத்திகள் சேர்ந்து, இரண்டையும்விட மோசமான ஒன்றைப் பெற்றிருக்கின்றன. இது எல்லா வகையிலும் மிக மோசமான அமைப்புக்கான கணக்கு. உண்மைக் கடத்திகளில் வடிவமும் ஒட்டின் தடையும் சேர்ந்து விளைவைத் தணிக்கும். இருந்தாலும் இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இதுதான். இரண்டு வரிச் சமன்பாட்டில், காலங்காலமாக நம்பிவந்த ஓர் உள்ளுணர்வு கழன்று விழுகிறது.

அதே பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்காமல் வடக்கே அலுமினியம், தெற்கே செம்பு என்று அருகருகே வைத்திருந்தால்? ஹால் மின்னழுத்தங்கள் தொடரிணைப்பில் வந்துவிடும். சுழல் திரும்பி வர வழியில்லை. தடை பழையபடி 0.13. உலோகங்கள் அவைதான், அளவும் அதுதான். ஒட்டுப்பரப்பு புலத்தைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டுமே மாறியது. கூட்டுக் கடத்தியின் தடை என்று கேட்டால் ஒற்றை எண்ணைச் சொல்ல முடியாததன் காரணம் இது.

ஜப்பானின் தோக்கி நகரில் தேசிய அணுக்கரு இணைவு அறிவியல் நிறுவனம் கட்டிய பெரிய சுருள்வடிவச் சாதனம் 1998-இல் இயங்கத் தொடங்கியது. அதன் சுருள்களுக்கான கடத்தி 12.5-க்கு 18 மில்லிமீட்டர் செவ்வகம். உள்ளே நியோபியம்-டைட்டானியக் கேபிள், அதன் பக்கத்தில் தூய அலுமினிய நிலைப்படுத்தி, இரண்டையும் அணைத்தபடி செம்பு உறை. அலுமினியமும் செம்பும் நேரடியாகத் தொட்டால் ஹால் சுழல் ஓடும் என்பது தெரிந்திருந்ததால், அலுமினியத்தைச் சுற்றி 2 சதவீதம் நிக்கல் கலந்த செம்பை மெல்லிய தோலாகப் போர்த்தினார்கள். நிக்கல் கலந்ததும் செம்பின் தடை பல மடங்கு ஏறிவிடும். குறுக்கே ஓடும் சுழல், கடத்தியின் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் இந்தத் தோலைத் தாண்டியாக வேண்டும், அதனால் நசுங்கிப்போகும். நீளவாக்கில் போகும் மின்னோட்டமோ, ஒருமுறை தாண்டி அலுமினியத்துக்குள் புகுந்துவிட்டால் போதும். சின்ன ஏற்பாடு, ஆனால் எவ்வளவு நுட்பமானது!

அப்படியும் அலுமினியம் இலவசமாக எதையும் தரவில்லை. வடிவமைப்பின்படி 13 கிலோ ஆம்பியர் தாங்க வேண்டிய அந்தச் சுருள்களில், 11 கிலோ ஆம்பியரைத் தாண்டிய சில சமயங்களில் மீக்கடத்தும் நிலை இழந்த பகுதி கடத்தியோடு பரவியது. தடித்த, மிகத் தூய உலோகத்துக்குள் மின்னோட்டம் மெதுவாகத்தான் ஊடுருவும். தூய்மை கூடக்கூட இன்னும் மெதுவாக. அலுமினியம் உதவிக்கு வந்து சேர்வதற்குள் செம்பு சூடாகிவிடுகிறது. அதைவிட விசித்திரம், அந்தப் பகுதி இரு திசையிலும் ஒரே மாதிரி பரவவில்லை. ஒரு பக்கம் வேகமாகப் போனது. இதற்கும் ஹால் விளைவைத்தான் காரணமாகச் சொன்னார்கள். சூடான பகுதியின் ஒரு முனையில் மின்னோட்டம் குறுக்கே அலுமினியத்துக்குள் நுழைகிறது, மறுமுனையில் வெளியேறுகிறது. குறுக்கோட்டம் எதிரெதிர் திசையில் இருப்பதால், அது நீளவாக்கில் உண்டாக்கும் ஹால் மின்னழுத்தம் ஒரு முனையில் வெப்பத்தைக் கூட்டி மறுமுனையில் குறைக்கிறது. பின்னர் 2006-இல் ஹீலியத்தை இன்னும் குளிராக்கி அனுப்பும் ஏற்பாட்டைச் சேர்த்து நிலைமையை மேம்படுத்தினார்கள்.

செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். உணர்கருவி வேறு வழியில் போனது. 6 மீட்டர் விட்டமும் 12.5 மீட்டர் நீளமும் கொண்ட அதன் காந்தச் சுருளில் சுமார் 18 கிலோ ஆம்பியர் ஓடுகிறது, 3.8 டெஸ்லா புலம். கேபிளைச் சுற்றி மிகத் தூய அலுமினியம், அதன் இரு பக்கமும் வலுவுக்காக அலுமினியக் கலவைப் பட்டைகள், எலக்ட்ரான் கற்றையால் பற்றவைத்தவை. கலவையின் தடை தூய அலுமினியத்தைவிட மிக அதிகம் என்பதால் அதன் வழியே பெரிய ஹால் சுழல் ஓட முடியாது. வலுவூட்டும் உலோகம் மோசமான கடத்தியாக இருப்பதே இங்கே நன்மை.

இரண்டு உலோகங்கள் இருந்தால்தான் இப்படி என்றும் இல்லை. ஒரே உலோகத்துக்குள் சிறு வெற்றிடங்கள் இருந்தாலும் மின்னோட்டம் அவற்றைச் சுற்றி வளைந்து, ஹால் விளைவில் சிக்கி, புலத்தோடு நேர்கோட்டில் ஏறும் தடையைத் தரும் என்று 1976-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கம்பியை இழுக்கும்போது உள்ளே விழுந்த ஒரு விரிசல் அறை வெப்பநிலையில் தெரியாமலே போகலாம்.

இதனால் ஆய்வகத்தில் அளக்கிறவரின் வேலையும் மாறுகிறது. உலோகம் விற்றவர் தரும் சான்றிதழில் இருப்பது புலமில்லாத ஆர்.ஆர்.ஆர்.; அது தனித்தனி உலோகங்களின் எண். கூட்டுக் கடத்தியை அதன் முழு வடிவத்தில், அது வேலை செய்யப்போகும் புலத்தில், அந்தத் திசையில் வைத்து அளந்தால்தான் வடிவமைப்புக்கு ஆகும். ஹால் மின்னழுத்தம் அளவீட்டில் கலந்துவிடாமல் இருக்க, புலத்தை ஒருமுறை தலைகீழாக்கி இரண்டு அளவுகளுக்கும் சராசரி எடுப்பது வழக்கம். புலம் திரும்பினால் ஹால் மின்னழுத்தத்தின் குறியும் திரும்பும், கூட்டினால் கழிந்துவிடும். ஆனால் ஹால் சுழலால் வரும் கூடுதல் தடை இதற்கு மசியாது. புலம் சுழலை உண்டாக்கும்போது ஒருமுறை குறி மாறுகிறது. அந்தச் சுழலை ஒதுக்கும்போது மறுமுறை மாறுகிறது. இரண்டும் சேர்ந்து பழைய குறியே வந்துவிடும். சராசரியில் அது நிஜமான தடையைப்போலவே உட்கார்ந்திருக்கும்.

அதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஹீலியத்துக்குள் மாதிரியை அதன் நீள அச்சில் 90 பாகை திருப்ப வேண்டும். மேசைமேல் அடுக்கிய நம் பட்டைகளுக்கு அப்படிச் செய்தால் ஒட்டுப்பரப்பு புலத்துக்கு இணையாகிவிடும், சுழல் அறுந்துபோகும். அதே மின்னோட்டம், அதே 4 டெஸ்லா, அதே குளிர். 0.66 காட்டிய மாதிரி 0.13-க்கு இறங்கி வரும்.